கட்டைவிரலில் ஒரு கயிறு

ராமச்சந்திராபுரம் டவுன்ஷிப்பிலிருந்து வந்த கம்பெனி பஸ், நிஜாம் ஆண்ட நகரத்தின் ஆபிட்ஸ் கடைத்தெரு முனையில் நின்றதும், பந்திக்குப் போகிறவர்கள் மாதிரி எல்லாரும் முண்டியடித்துக்கொண்டு இறங்கினார்கள். உலகநாதன் முதலில் இறங்கி, படியருகே நின்று கையை நீட்டினான். சாந்தா அந்தக் கையைப் பார்த்தாள். பிடிக்காமலே இறங்கினாள்.

ரயில்வே வேலைநிறுத்தம் நடந்த வருஷத்துக் கார்த்திகை மாசம். சனிக்கிழமை மத்தியானம், சுள்ளென்று வெயில். பேய்க்கதை என்றால் அமாவாசையும் ஆந்தையும் பாழடைந்த பங்களாவும் வேண்டும் என்கிறவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். இது நடந்த இடத்தில் இரட்டை மாடி பஸ் ஓடியது. பலூன் விற்றார்கள். ஜனங்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு ஐஸ்கிரீம் தின்றார்கள். போன உயிர் நேரம் காலம் பார்த்துத்தான் வரும் என்று யார் சொன்னது?

டவுன்ஷிப்காரர்களுக்கு அந்தக் காலத்தில் ஆபிட்ஸ்தான் சொர்க்கம். இரானி ஹோட்டலில் டீ, கடையில் சேலை, சினிமா, தமிழ் நாடகம், கொஞ்சம் தாராள மனசு இருந்தால் லாட்ஜில் தங்கல். உலகநாதன் டவுன்ஷிப்பின் பெரிய ஆலையில் லேத் ஓட்டும் டர்னர். கல்யாணமாகித் திருநெல்வேலியிலிருந்து வந்த புதிதில் சாந்தாவை ஒருமுறை இங்கே கூட்டி வந்திருக்கிறான். அப்போது அவள் வாய் ஓயவில்லை. கண்ணாடி வைத்த ஒவ்வொரு கடை முன்னாலும் நின்று, "ஐய, இங்கன பாருங்களேன்" என்றாள். இப்போது அதே தெருவில், வழி தெரியாத ஊருக்கு வந்தவள் போலப் பின்னாலேயே நடந்து வந்தாள்.

"ஜனங்க நடமாட்டம் உள்ள இடமாக் கூட்டிட்டுப் போங்க. மனசு விட்டு ஒரு தடவை அழுதாங்கன்னா சரியாயிடும்" என்று டவுன்ஷிப் டாக்டர் சொல்லியிருந்தார். பெண்டாட்டியை அழவைப்பதற்காக ஊர் சுற்றிக் காட்டக் கூட்டி வந்த புருஷன் உலகத்திலேயே அவன் ஒருத்தனாகத்தான் இருப்பான். கேட்டால் சிரிப்பு வரும். அவன் வேதனை அவனுக்கு.

குழந்தை செத்ததிலிருந்து சாந்தா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

லாட்ஜ் பெரிய தெருவை விட்டு விலகி ஒரு சந்துக்குள் இருந்தது. நிஜாம் காலத்துக் கட்டடம். தடித்த சுவர், உயரமான கூரை, மாடியில் நீளமான வராந்தா. வாசல்படியிலேயே பினாயிலும் ஊதுபத்தியும் கலந்த வாசனை அடித்தது. மேனேஜர் நாராயணஸ்வாமி செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழர். பேச்சைத் தமிழில் தொடங்கினால் வழியில் இரண்டு உருது வார்த்தையை ஏற்றிக்கொண்டுதான் போவார். ஆமாம் என்பதற்கு அந்த ஊர்க்காரர்கள் மாதிரி 'ஹவ்' என்பார்.

"ஹவ் ஹவ், வாங்கோ. மாடியிலே கடைசி ரூம், காத்து பிரமாதமா வரும். பக்கத்து ரூமிலே நாடகக்காரா சாமான் போட்டு வெச்சிருக்கா. எலி உருட்டும், கண்டுக்காதீங்கோ. ரெண்டு பேர்தானே?"

"ரெண்டு பேர்தான்" என்றான் உலகநாதன். சொன்ன பிறகுதான் அந்தக் கணக்கு அவனுக்கே உறைத்தது. சாந்தா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நாளைக்குக் காலம்பற நம்ம தமிழ் நாடகம் இருக்கு. சாயங்காலம்னா ஹால் கிடைக்கிறதில்லை, அதனாலே காலம்பறயே போட்டுடுவா. லாலாகுடா ரயில்வே வொர்க்‌ஷாப் ஆட்கள். சிரிச்சு வயிறு புண்ணாயிடும். பாஸ் தரேன், அம்மாவை அழைச்சுண்டு போங்கோ."

மாடி அறையில் சாந்தா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து காலைத் தொங்கப் போட்டாள். பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே உலகநாதன் பார்த்தான்.

அவளுடைய வலது கால் கட்டைவிரல் அசைந்துகொண்டிருந்தது.

முன்னால். பின்னால். முன்னால். பின்னால்.

இந்த விரலைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. போன தை மாசத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், உலகநாதன் கூட வேலை பார்க்கிறவர்களைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தான். குழந்தை கனகத்துக்குச் சளி, உடம்பு லேசாகச் சுட்டது. முன்னறையில் மரத் தொட்டில். அதில் ஒரு கயிற்றைக் கட்டி, மறுமுனையை அடுக்களையில் உட்கார்ந்து தேங்காய் அரைத்த சாந்தா தன் கால் கட்டைவிரலில் சுற்றியிருந்தாள். கை சமையலைப் பார்க்கும், கால் பிள்ளையைப் பார்க்கும். கூடமாட ஆளில்லாத வீட்டில் ஒரு பெண் வேறு என்னதான் செய்வாள்?

முன்னறையில் ஆம்பிளைகள் சீட்டாடினார்கள். தேவசகாயம் என்று ஒருத்தன், சிரித்தால் ஓடு பறக்கும். அவன் சிரித்தபோது உலகநாதன், "மெதுவாப் பேசும்வே, பிள்ள முழிச்சிரும்" என்று அதட்டினான். தொட்டில் அவன் கைக்கு எட்டும் தூரத்தில்தான் ஆடிக்கொண்டிருந்தது. ஆடுகிற தொட்டிலை யார் எட்டிப் பார்ப்பார்கள்? பிள்ளை தூங்குகிறது என்றுதானே அர்த்தம்! சமையல் முடிந்ததும், இலை போடுவதற்குள் பால் கொடுத்துவிடலாம் என்று சாந்தா கயிற்றை அவிழ்த்துவிட்டு வந்து தூக்கினாள். குழந்தை சில்லிட்டிருந்தது. உயிர் எப்போது போயிற்று என்று டாக்டராலும் சொல்ல முடியவில்லை.

வெறும் தொட்டிலை ஆட்டக் கூடாது என்பார்கள் நம் பெண்கள். தெரியாமல் முழங்கை பட்டு ஆடினால்கூட ஓடிவந்து பிடித்து நிறுத்துவார்கள். சாந்தா ஆட்டியது வெறும் தொட்டிலைவிடப் பொல்லாதது.

அன்றைக்கு அவள் பேச்சு நின்றது. கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான். ஆனால் விரல் நிற்கவில்லை. உட்கார்ந்தால் ஆடும். படுத்தால் ஆடும். தூக்கத்தில்கூட ஆடும். உலகநாதன் தொட்டிலைப் பழைய சாமான் வண்டிக்காரனிடம் தள்ளிவிட்டான். கயிற்று முடிச்சு இறுகிக் கிடந்தது. அவிழ்க்கப் பொறுமையில்லாமல் அரிவாள்மணையில் வைத்து அறுத்தான். ஒரு முழக் கயிறு தொட்டிலோடு போயிற்று.

இப்போது லாட்ஜ் அறையில் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தபோது, சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தம் கேட்டது.

கிறீச்.

மரம் மரத்தோடு உரசுகிற சத்தம். விரல் முன்னால் போனபோது ஒரு கிறீச். பின்னால் வந்தபோது ஒரு கிறீச்.

"ஃபேன் சத்தம்தான்" என்றான் உலகநாதன், யாரும் கேட்காமலே.

ஃபேன் சுவிட்சை அவன் இன்னும் போடவில்லை.

அதற்கு மேல் அந்த அறையில் இருக்க அவனுக்கு மனசில்லை. வெயில் தாழட்டும் என்றுகூடக் காத்திருக்காமல் சாந்தாவைக் கிளப்பினான். நடந்தார்கள், நடந்தார்கள், அப்படி நடந்தார்கள். சுல்தான் பஜாரில் வளையல் கடை. ஒரு டஜன் பச்சை வளையலை அவளுடைய கையில் அவனே போட்டுவிட்டான். சினிமாக் கொட்டகை வாசலில் கூட்டம். ஒரு சுவரோரம் ஒரு கிழவர் ஆர்மோனியம் வாசித்துக்கொண்டிருந்தார். கடைசியில் இரானி ஹோட்டலுக்குள் நுழைந்து, திரை போட்ட குடும்ப அறையில் உட்கார்ந்தார்கள். பளிங்கு மேஜை, சுவரெல்லாம் கண்ணாடி, டீயும் உஸ்மானியா பிஸ்கெட்டும். சாந்தா பிஸ்கெட்டை டீயில் முக்கினாள். எடுக்க மறந்து போனாள். அது கரைந்து அடியில் போய்விட்டது.

"உங்களுக்குப் பால் வாசம் அடிக்குதா?" என்று திடீரென்று கேட்டாள்.

தானாக ஒரு கேள்வி! இத்தனை மாசத்தில் அவளாக வாய் திறந்து கேட்ட முதல் கேள்வி. உலகநாதனுக்குத் தலைகால் புரியவில்லை. "ஆமாமா, இங்க டீயில பாலச் சுண்டக் காய்ச்சில்லா ஊத்துதான். வேற டீ சொல்லட்டா?"

"அந்தப் பால் இல்ல" என்றாள்.

அவனுக்கும் அடித்தது. தாய்ப்பால் கக்கிய துணியின் புளித்த வாசம். கூடவே சாம்பிராணிப் புகையும் கிரைப் வாட்டரும். திரையை விலக்கிப் பார்த்தான். வெளியே ஆம்பிளைகள் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

ராத்திரி இரண்டு பேரும் தூங்கினார்களா என்று கேட்காதீர்கள். சுவருக்கு அந்தப் பக்கம் எலிதான் என்று அவன் தனக்குத்தானே சத்தியம் பண்ணிக்கொண்டு கிடந்தான்.

மறுநாள் காலை நாடகத்துக்கு ஹால் நிறைந்துவிட்டது. ரயில்வே குவார்ட்டர்ஸ் குடும்பங்கள், பூ வைத்த பெண்கள், முறுக்கு வாசனை. மேடையில் ஒரு மாமியார், ஒரு டமாரச் செவிட்டு வேலைக்காரன், பட்டணம் போய்த் திரும்பாத புருஷன். ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். செவிட்டு வேலைக்காரன் மாமியாரின் புடவையிலேயே மூக்கைத் துடைத்தபோது சாந்தாவின் உதட்டோரம்கூட லேசாக நெளிந்தது. உலகநாதனுக்கு அந்த நாடகக்காரர்கள் காலில் போய் விழலாம் போல இருந்தது.

அடுத்த காட்சிக்குத் திரை விலகியது. மேடை நடுவில் ஒரு மரத் தொட்டில்.

நீலப் பெயிண்ட். மேல் சட்டத்தில் தொங்கும் மரக் கிளிகள். அதில் ஒரு கிளிக்கு மூக்கு இல்லை.

கனகத்துக்கு முதல் பல் முளைத்தபோது, கிளி தொங்கிய கயிற்றை எட்டி இழுத்து வாயில் வைத்துக் கடித்துக் கடித்துத் தேய்த்த மூக்கு அது.

உலகநாதன் பாதி எழுந்தான். பழைய சாமான் வண்டியில் போனது எந்த எந்தக் கை மாறி இங்கே வந்து நிற்கிறது! அவள் கவனிப்பதற்குள் கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும். "எந்திரி, வெளிய போவோம். தலவலி எனக்கு" என்று அவள் தோளைத் தொட்டான்.

"இருங்க" என்றாள் சாந்தா. கண் மேடையை விட்டு நகரவில்லை.

கதாநாயகி தொட்டிலில் கை வைத்து ஆட்டினாள். உள்ளே பொம்மைகூட இல்லை என்பது முன்வரிசைக்கு நன்றாகத் தெரிந்தது. பின்னால் ஒரு அம்மாள், "ஐயையோ, வெறும் தொட்டிலைப் போய் ஆட்டறாளே" என்று முணுமுணுத்தாள்.

உலகநாதன் பழக்க தோஷத்தில் குனிந்து சாந்தாவின் காலைப் பார்த்தான்.

விரல் நின்றிருந்தது.

நின்றே போயிருந்தது! இத்தனை மாசம் ராப்பகலாக அவனை வதைத்த விரல். அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது. அவளைக் கட்டிக்கொள்ளலாமா, ஹால் என்று பார்க்காமல் கத்தலாமா என்று இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான்.

கதாநாயகி தொட்டிலை விட்டு வெகுதூரம் முன்னால் வந்து வசனம் பேசிக்கொண்டிருந்தாள்.

தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது.

குறையவே இல்லை. சட்டத்தின் ஓரத்தில் அவன் அறுத்த கயிற்றுத் துண்டு அப்படியே இருந்தது. அது தொங்க வேண்டும். தொங்கவில்லை. மறுமுனையை யாரோ பிடித்திருக்கிற மாதிரி விறைத்து, ஜனங்கள் பக்கமாக நீட்டிக்கொண்டிருந்தது.

சாந்தா உட்கார்ந்திருந்த திசையில்.

அவள் செருப்பைக் கழற்றியிருந்தாள். வலது காலை முன்னால் நீட்டியிருந்தாள். கட்டைவிரலின் அடியில் சதை வெளுத்து, கயிறு இறுக்கினாற்போல ஒரு பள்ளம் விழுந்திருந்தது. விரல் மட்டும் ஒரு பக்கமாக வளைந்து போயிருந்தது. அவள் இழுக்கவில்லை.

அவளை இழுத்தது.

அப்போது குழந்தை அழுதது.

முதலில் ஒரு சிணுங்கல். பிறகு வீறிட்ட அழுகை. ஒவ்வொரு அழுகையின் கடைசியிலும் ஒரு விக்கல். உலகநாதன் உலகத்தில் எத்தனையோ குழந்தை அழுது கேட்டிருக்கிறான். அந்த விக்கல் ஒரே ஒரு குழந்தைக்குத்தான் உண்டு.

ஹால் மொத்தமும் கைதட்டியது. "அச்சு அசலாக் குழந்தை மாதிரியே அழறான்பா!" என்று யாரோ விசிலடித்தார்கள். மேடையில் கதாநாயகி வசனத்தை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். பார்த்த பார்வையில் நடிப்பு இல்லை. திரை அவசரமாக விழுந்தது.

மத்தியானம் லாட்ஜ் வாசலில் சாப்பாட்டு ஹோட்டலிலிருந்து சாம்பார் வாசனை தூக்கியது. இரண்டு பேருக்கும் இறங்கவில்லை. போட்ட இலையில் சோறு அப்படியே கிடந்தது. மாடிக்கு வந்தபோது, நாடக சாமான்களை ஏற்றிவந்த ஆள் ஒருத்தன் வராந்தாவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். பெயர் குணசேகரன், வொர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். எதிரே தொட்டில். சாமான் அறைப் பூட்டைத் திறந்து வைத்திருந்தானே தவிர, தொட்டிலை உள்ளே தள்ள அவனுக்குத் தைரியமில்லை.

"நீங்க நாடகம் பாத்தீங்களா சார்? எல்லாரும் என்னைக் கட்டிப் புடிச்சிக்கினு, 'குணசேகரா, சூப்பரா அழுதடா'ன்றாங்க. கொழந்தை கொரலு குடுக்கறது என் வேலைதான் சார், ஹவ். சைடுல நின்னுக்கினு துண்டை வாய்ல வெச்சிக்கினு அழுவேன்." குரலைத் தாழ்த்தினான். "இன்னிக்கு நான் வாயே தெறக்கல சார். துண்டு தோள்லயே இருந்துச்சு. கைக்கு, எதுக்கு நான் பொய் சொல்லணும், சொல்லுங்க? என் பெண்ஜாதி மேல ஆணை."

"இது எங்க கெடச்சுது?" என்று உலகநாதன் கேட்டான்.

"ஜுமேராத் பஜார்ல, பழைய சாமான் கடைல. வாங்கினதுலேந்து ரூமுக்குள்ள தானா ஆடுதுன்னு மேனேஜரு சொன்னாரு. எலின்னு நெனச்சோம். இனிமே நக்கோ சார், வேணாம். நக்கவே நக்கோ. இன்னிக்கே ஒடைச்சு அடுப்புல வெச்சிடறேன்."

"எரிக்காதீங்கண்ணே" என்றாள் சாந்தா.

அவள் குரலில் என்ன இருந்ததோ, குணசேகரன் எழுந்தான். அவளைப் பார்த்தான், தொட்டிலைப் பார்த்தான். ஒன்றும் கேட்காமல் படியிறங்கிப் போய்விட்டான்.

வராந்தாவில் வெயில் சாய்ந்து விழுந்தது. கீழே சந்தில் ரிக்‌ஷா மணி, பாத்திரம் கழுவுகிற சத்தம், எங்கேயோ ரேடியோ. கொஞ்சம் கொஞ்சமாக அதெல்லாம் காதில் விழாமல் போயிற்று.

கிறீச்.

காற்று அசங்கவில்லை. கொடியில் காய்ந்த வேட்டி அசங்கவில்லை.

கிறீச்.

"சாந்தா, உள்ள வா. பெட்டிய எடு, பஸ் நிக்கிற எடத்துக்குப் போயிருவோம்" என்றான் உலகநாதன்.

"நான் அவகிட்ட சொல்லவே இல்லீங்க."

"என்னது?"

"அவ போயிட்டான்னு." சாந்தா தொட்டிலைப் பார்த்தபடியே மெதுவாகப் பேசினாள். "உசிரு போவும்போது நிப்பாட்டியிருந்தா அவளுக்குத் தெரிஞ்சிருக்கும்லா. நான் ஆட்டிக்கிட்டே இருந்தேன். அவ தூக்கம்னு நெனச்சுக்கிட்டா. இன்னும் தூங்குதோம்னுதான் நெனச்சுக்கிட்டு இருக்கா. என் விரலு நின்னா முழிச்சிருவாளேன்னு பயந்துதான் நானும் இத்தன நாளா நிப்பாட்டல. முழிச்சா அங்கன யாரு இருக்கா அவளுக்கு?"

சாந்தா அவன் பக்கம் திரும்பினாள்.

"சொல்லிருவோம். நீங்களும் வாங்க. அய்யா குரலும் அவளுக்குத் தெரியணும். வந்து ஒரு வார்த்த சொல்லுங்க."

அவன் ஓர் அடி எடுத்து வைத்தான். அந்தப் புளித்த பால் வாசம் முகத்தில் அடித்தது. தொட்டிலுக்குள் துணி எதுவும் கிடையாது, வெறும் பலகை. ஆனால் பலகையில் ஏதோ புரண்டு படுக்கிற சத்தம். இன்னும் ஓர் அடி வைத்துக் கழுத்தை நீட்டினால் உள்ளே தெரியும்.

அவன் கழுத்தை நீட்டவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். அன்றைக்கும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு பார்க்கவில்லை. இன்றைக்கும் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"முடியலட்டி" என்றான். "என்னால முடியல."

சாந்தா அவனைத் திட்டவில்லை. தனியாகப் போனாள். இரண்டு கையாலும் தொட்டிலின் விளிம்பைப் பிடித்தாள். அது ஒருமுறை திமிறியது. பச்சை வளையல்கள் சலசலத்தன. இறுக்கிப் பிடித்து நிறுத்தினாள்.

"கனகு. ஏளா கனகு. அம்ம வந்திருக்கேன். நீ தூங்கலட்டி. நீ போயிட்ட. அன்னைக்கே போயிட்ட. அம்மைக்குத் தெரியாமப் போச்சு, தெரியாம ஆட்டிக்கிட்டே இருந்துட்டேன். இனி ஆட்ட மாட்டேன் தாயி. நீ முழிச்சுக்கோ. முழிச்சுப் போயிரு, என் கண்ணு."

சுவரைப் பார்த்து நின்றவன் காதில் ஒரு சின்ன விக்கல் விழுந்தது. ஒன்றுதான்.

அப்புறம் சாந்தா அழுதாள். பெற்ற வயிற்றிலிருந்து எழும்பி வந்த அழுகை. நாராயணஸ்வாமி பதறியடித்து மாடியேறி வந்தார். பக்கத்து அறைகளில் கதவு திறந்தது. கீழே சந்தில் போன ரிக்‌ஷா நின்றது. உலகநாதன் தரையில் உட்கார்ந்து அவள் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டான். "அழுட்டி, அழு. நல்லா அழுதுரு" என்று சொல்லிக்கொண்டே அவனும் அழுதான். தொட்டில் அசையாமல் நின்றது. ஓரத்தில் அறுந்த கயிறு துவண்டு தொங்கியது.

சாயங்காலம் ஆபிட்ஸ் முனையில் கம்பெனி பஸ் வந்தது. ஊர் சுற்ற வந்த கூட்டம் பொட்டலமும் பையுமாக ஏறியது. முன்சீட்டில் தேவசகாயம், கை நிறையப் பழம். நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு கதை சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தான். அழுது வீங்கிய முகத்தோடு சாந்தா ஜன்னலோரம் உட்கார்ந்து, விளக்கு எரிய ஆரம்பித்த கடைகளைப் பார்த்தாள். "நேத்து வாங்குன பச்ச வளவி நல்லாத்தான் இருக்கு" என்றாள். பிறகு அவன் தோளில் சாய்ந்து தூங்கிப் போனாள். எத்தனை நாள் தூக்கமோ, பச்சைக் குழந்தை மாதிரித் தூங்கினாள்.

உலகநாதன் குனிந்து அவள் காலைப் பார்த்தான். விரல் அசையவில்லை. அமீர்பேட் தாண்டி ஆள் நடமாட்டம் குறைந்து, வெளியே வயலும் பாறையும் மங்கலாகத் தெரிந்தது. திரும்பவும் குனிந்து பார்த்தான். அசையவில்லை. போன என் பெண்டாட்டி திரும்பக் கிடைத்துவிட்டாள் என்று மனசுக்குள் குலசாமிக்குக் கும்பிடு போட்டான்.

அப்போது அவனுடைய வலது கால் கட்டைவிரலில் ஏதோ ஊர்ந்தது.

எறும்பு என்று காலை உதறினான்.

போகவில்லை. விரலைச் சுற்றி இறுகியது. மெல்ல ஒரு இழுப்பு. விட்டது. திரும்ப ஒரு இழுப்பு. வலிக்கிற இழுப்பு இல்லை. விளையாட்டாகச் சுண்டிப் பார்க்கிற மாதிரி, "ஏன் நின்றுவிட்டது" என்று கேட்கிற மாதிரி.

பஸ்ஸுக்குள் புளித்த பால் வாசம் வந்தது.

சாந்தா சொல்லிவிட்டாள். அவன் சொல்லவில்லை. வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டாளே, அப்போது சுவரைப் பார்த்து நின்றானே. இப்போது சொல்லிவிட்டால் போதும்: நீ போயிட்டட்டி கண்ணு. வாயைத் திறந்தான். உதடு அசைந்தது, வார்த்தை வரவில்லை. ஷிப்ட் முடிந்து வந்த அலுப்பைப் பார்க்காமல் ஒருநாளாவது கனகத்தை அவன் ஆட்டித் தூங்க வைத்திருக்கிறானா? ஒருநாளாவது? ஒருநாளும் ஆட்டாதவன், போ என்று எந்த வாயால் சொல்வான்?

இழுப்பு கொஞ்சம் வேகமாயிற்று. சிணுங்கப் போகிறாள்.

உலகநாதன் விரலைப் பின்னால் இழுத்தான். விட்டான்.

மறுமுனையில் கனம் இருந்தது.

இழுத்தான். விட்டான். இழுத்தான். விட்டான்.

முன்சீட்டிலிருந்து தேவசகாயம் திரும்பினான். "என்னவே உலகநாதன், கால ஆட்டிக்கிட்டு வாரீரு, மரத்துப் போச்சா?" என்று பஸ் அதிரச் சிரித்தான்.

உலகநாதன் உதட்டில் விரலை வைத்தான்.

"மெதுவாப் பேசும்வே" என்றான். "பிள்ள முழிச்சிரும்."